குடியரசுத் தலைவர் தேர்தல் (இந்தியா)

இந்தியக் குடியரசுத் தலைவரை வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்களவை, மாநிலங்களவை, மாநிலச் சட்டப்பேரவைகள் ஆகியவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அடங்கிய வாக்காளர் குழாமே அவரைத் தேர்ந்தெடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 54, 55ஆம் பிரிவுகள் இதை வரையறுக்கின்றன. நியமன உறுப்பினர்களுக்கும் மாநிலச் சட்ட மேலவையினருக்கும் வாக்கில்லை. டெல்லி, புதுச்சேரிப் பேரவைகள் 1992இல் நிறைவேறிய 70ஆவது திருத்தத்தால் சேர்க்கப்பட்டன.

அரசியல் நிர்ணய சபையில் நேரடித் தேர்தலைக் கோரியவர்களில் முதன்மையானவர் கே.டி.ஷா. நேருவும் அம்பேத்கரும் அதை ஏற்கவில்லை. உண்மையான அதிகாரம் அமைச்சரவையிடம் இருக்கும்போது, கோடிக்கணக்கானோரின் வாக்கைப் பெற்று வருபவர் பிரதமருக்குப் போட்டி மையமாகிவிடக்கூடும் என்பது அவர்கள் தரப்பு. நாடாளுமன்றம் மட்டுமே தேர்ந்தெடுத்தால் ஆளுங்கட்சியின் ஆள்தான் வருவார். எனவே மாநிலங்களுக்கும் பங்கு தரப்பட்டது. 1952இல் நடந்த முதல் தேர்தலில் அதே ஷா போட்டியிட்டார். ராஜேந்திர பிரசாத் 5,07,400 வாக்குமதிப்பு பெற, ஷாவுக்குக் கிடைத்தது 92,827.

வாக்குமதிப்பு என்பதுதான் இத்தேர்தலின் உயிர்நாடி. ஒரு மாநிலத்தின் மக்கள்தொகையைப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, ஈவை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஓர் எம்.எல்.ஏ.வின் வாக்குமதிப்பு கிடைக்கும். 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 4,11,99,168 பேரை 234 உறுப்பினர்களுக்குப் பங்கிட்டு ஆயிரத்தால் வகுத்தால் 176. உத்தரப் பிரதேசத்துக்கு இது 208, சிக்கிமுக்கு 7. எல்லா எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பை எம்.பி.க்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் எம்.பி.யின் வாக்குமதிப்பு வரும். 2022இல் அது 700. ஆக, மாநிலங்களின் எடையும் நாடாளுமன்றத்தின் எடையும் ஏறத்தாழச் சமம்.

வாக்களிப்பு ரகசியமானது, கட்சிக் கொறடாவின் உத்தரவு இங்கே செல்லாது. வேட்பாளர்களின் பெயருக்கு எதிரே 1, 2 என்று விருப்ப வரிசையை எழுத வேண்டும். செல்லும் வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் ஒருவருக்கும் கிடைக்காவிட்டால், கடைசியில் இருப்பவரை நீக்கி அவருடைய வாக்குகளை அடுத்த விருப்பத்தின்படி பிரித்துத் தருவார்கள். மின்னணு இயந்திரம் இதற்கு உதவாததால் இன்றும் வாக்குச்சீட்டுதான்: எம்.பி.க்களுக்குப் பச்சை, எம்.எல்.ஏ.க்களுக்கு இளஞ்சிவப்பு. 2017 முதல் தேர்தல் ஆணையம் தரும் ஊதா மைப் பேனாவால் மட்டுமே எழுதலாம். மாநிலத் தலைநகரங்களுக்கும் டெல்லிக்கும் இடையே வாக்குப்பெட்டி விமானத்தில் தனி இருக்கையில் பயணிக்கும். 2022இல் அதற்கான டிக்கெட் ‘மிஸ்டர் பேலட் பாக்ஸ்’ என்ற பெயரில் எடுக்கப்பட்டது.

இரண்டாம் விருப்பம் வரை எண்ணவேண்டி வந்தது ஒரே முறைதான், 1969இல். ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானதால் வந்த தேர்தல் அது. காங்கிரஸின் அதிகாரபூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. குடியரசுத் துணைத் தலைவர் பதவியை உதறிவிட்டுச் சுயேச்சையாக நின்றவர் வி.வி.கிரி. மனச்சாட்சிப்படி வாக்களியுங்கள் என்றார் பிரதமர் இந்திரா காந்தி. யாருக்கு என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள். தி.மு.க.வும் கிரியை ஆதரித்தது. முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, மற்றொரு வேட்பாளரான சி.டி.தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்குத் தேவை 4,18,169. தேஷ்முக்கின் வாக்குகள் பெரும்பாலும் ரெட்டிக்கே போயின. ஆனாலும் கிரி 4,20,077 பெற்று வென்றார், ரெட்டி 4,05,427இல் நின்றார். தேவையான மதிப்பைக் கிரி தாண்டியது 1,908 வித்தியாசத்தில். அன்று நான்கு எம்.பி.க்களின் வாக்குமதிப்பு இதைவிட அதிகம். அந்த ஆண்டு நவம்பரில் காங்கிரஸ் பிளந்தது. வெற்றியை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் கிரி பதவியில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார். அவர் வெற்றி செல்லும் என்றே தீர்ப்பானது.

1977இல் அதே ரெட்டி போட்டியின்றித் தேர்வானார். தாக்கலான 37 மனுக்களில் மற்றவை அனைத்தும் தள்ளுபடி. பெயருக்கு நிற்பவர்களைத் தடுக்க 1974இல் பத்து முன்மொழிபவர், பத்து வழிமொழிபவர் என்ற நிபந்தனை வந்தது. 1997இல் அது ஐம்பது ஐம்பதாகவும், டெபாசிட் ரூ.15,000 ஆகவும் உயர்ந்தது. சாமானியர் எவரும் இனி நினைத்தும் பார்க்க முடியாத தடை இது.

பின்வந்த தேர்தல்கள் பெரும்பாலும் ஒருதலைப்பட்சமானவை. 2002இல் அப்துல் கலாம் 9,22,884 வாக்குமதிப்பு பெற்றார். எதிர்த்து நின்ற கேப்டன் லட்சுமி 1,07,366. 2022இல் திரௌபதி முர்மு 6,76,803 பெற்று, யஷ்வந்த் சின்காவை (3,80,177) வென்றார்.

தீராமல் இருப்பது மக்கள்தொகைக் கணக்கு. முன்பு ஒவ்வொரு கணக்கெடுப்புக்குப் பின்னும் வாக்குமதிப்பு மாறியது. 1976இல் 42ஆவது திருத்தம் அதை 1971ஆம் ஆண்டுக் கணக்கோடு நிறுத்திவைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முன்னேறிய மாநிலங்கள் அதனால் நஷ்டப்படக் கூடாதல்லவா? 84ஆவது திருத்தம் இந்த நிறுத்தத்தை, 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும்வரை நீட்டித்திருக்கிறது. பேரவை இடங்களை மாற்றாமல் 2011 கணக்கைப் பொருத்திப் பார்த்தால் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வின் வாக்குமதிப்பு 308, உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வின் வாக்குமதிப்பு 496.