ஒற்றைப் பாதையில் இலக்கத் தகடு: மஸ்கெலியாவை முன்வைத்துப் பொலிஸ் கெமராக்களுக்கான விதிகள்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கு வரும் வீதி அங்கிருந்து மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தை ஒட்டி நல்லதண்ணிக்குப் போகிறது. சாமிமலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் மஸ்கெலியாவிலிருந்தே வீதி பிரிகிறது. வைத்தியசாலைக்கோ வங்கிக்கோ கோயிலுக்கோ தொழிற்சங்கக் காரியாலயத்துக்கோ புறப்படும் தோட்டத்து மனிதர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில சந்திகளைக் கடந்தே ஆக வேண்டும். கொழும்பில் ஒரு சந்தியை விட்டு விலகிப் போக மாற்று வீதிகள் உண்டு. இங்கே இல்லை. வாகன இலக்கத் தகட்டைத் தானாகப் படிக்கும் கெமரா ஒன்று மஸ்கெலியா நகரில் நிறுத்தப்பட்டால், ஒரு பள்ளத்தாக்கின் போக்குவரத்து முழுவதும் அதில் பதிவாகிவிடும். தேடப்படாத வாகனத்தின் பதிவை அந்தக் கணமே அழிக்க வேண்டும் என்பதும், அந்தக் கட்டாயம் பொலிஸ் சுற்றறிக்கையில் அல்லாமல் பாராளுமன்றச் சட்டத்தில் இருக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கொழும்பு நகரில் சிசிடிவி மூலம் போக்குவரத்துக் குற்றங்களைக் கண்டறிந்து வாகன உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பும் முறை 2024 ஜனவரி 22 அன்று ஆரம்பமானது. அது குற்றம் நடந்ததைப் பார்த்த பிறகே இலக்கத்தைத் தேடுகிறது. தானியங்கித் தகடு வாசிப்பு அப்படிப்பட்டதன்று. கடந்துபோகும் ஒவ்வொரு தகட்டையும் படம் பிடித்து, எழுத்தையும் எண்ணையும் பிரித்தெடுத்து, நேரம், இடம் ஆகியவற்றுடன் சேர்த்து, தேடப்படும் வாகனப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இருப்பது மிகச் சிறு தொகை. மீதமுள்ள பெருந்தொகைப் பதிவுகளுக்கு என்ன நேர்கிறது என்பதே சட்டத்தின் கேள்வி.

இலக்கத் தகடு இந்த மலைநாட்டில் ஒருபோதும் வெறும் தகரமாக இருந்ததில்லை. 1957இல் வாகனத் தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. தமிழரசுக் கட்சி அதை எதிர்த்து இயக்கம் நடத்தியது. 1958இல் வடக்கில் தார் பூசும் போராட்டம் சூடுபிடித்தபோது தோட்டப்புறமும் எழுந்தது. மஸ்கெலியாவுக்கு அயலிலுள்ள பொகவந்தலாவையில் பொலிசார் சுட்டதில் தோட்டத் தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். பின்னாளில் ‘ஸ்ரீ’ போய் ஆங்கில எழுத்துகள் வந்தன. 2023 ஜனவரி 1 முதல் மாகாணக் குறியீடும் கைவிடப்பட்டது. ஆனாலும் தகடு யாருக்கு உரியது, அதை வைத்து அரசு எதைச் செய்யலாம் என்ற கேள்வி தீரவில்லை. அதற்கு உயிர்விலை கொடுத்த ஊரார் புதிய கருவியை ஐயத்தோடு பார்ப்பதில் பிழை காண முடியாது.

இன்னொரு நிகழ்வும் இங்கே பொருந்தும். 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் நூற்றுக்கணக்கானோரைப் பொலிசார் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றினர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த மீறல் எல்லோர் கண்ணிலும் பட்டது, அதனால் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடிந்தது. தகட்டுப் பதிவு ஓசையின்றி நடக்கிறது. தான் பதிவு செய்யப்பட்டதையே அறியாதவர் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவார்?

நமது சட்டங்கள் இதற்குப் போதா. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்தரங்கத்தைத் தனி அடிப்படை உரிமையாகக் கூறவில்லை. 14(1)(ஏ) உறுப்புரை நடமாடும் சுதந்திரத்தையும் 12ஆம் உறுப்புரை சமத்துவத்தையும் காக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முன்னேற்றமே. ஆனால் தேசிய பாதுகாப்பு, குற்றப் புலனாய்வு போன்றவற்றுக்கு அது விலக்கு வழங்குகிறது. அந்த விலக்கும் சட்டத்தால் வகுக்கப்பட்டதாக, அவசியமானதாக, அளவுக்கு மிஞ்சாததாக இருக்க வேண்டும் என்கிறது. தகடு வாசிப்புக்கென்று வகுத்த சட்டம் எங்கே? பொலிஸ் அதிகாரத்தின் அடித்தளமாக இன்றும் நிற்பது 1865ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டம். குதிரை வண்டிக் காலத்துப் பொது அதிகாரத்திலிருந்து இத்தகைய கருவிக்கு அனுமதி பெறலாம் என்ற வாதம் ஏற்கத்தக்கதன்று.

ஜேர்மனியின் அனுபவம் இதைத் தெளிவாக்குகிறது. 2008 மார்ச் 11 அன்று அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் இரு மாநிலங்களின் தகடு வாசிப்புச் சட்டப் பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. பட்டியலில் இல்லாத தகட்டை உடனே தடயமின்றி அழித்தால் உரிமைத் தலையீடு இல்லை என்று அப்போது கருதியது. 2018 டிசம்பர் 18 தீர்ப்பில் அந்த நிலைப்பாட்டையே மாற்றிக்கொண்டது: அழித்தாலும் தலையீடுதான், ஆகவே தக்க காரணம் வேண்டும் என்றது. பிரித்தானியா இதற்கு நேர்மாறாக, எல்லாப் பதிவுகளையும் 12 மாதம் வரை வைத்திருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலமோ பொருந்தாத பதிவை மூன்று நிமிடத்தில் அழிக்கச் சொல்கிறது. மூன்று நிமிடம் நடைமுறைச் சாத்தியமானால், 12 மாதம் வேண்டும் என்போர்தான் காரணம் காட்ட வேண்டும்.

பொலிஸ் தரப்பின் நியாயம் எனக்குத் தெரியாததன்று. திருட்டுப்போன மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடிக்கவும், விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடிய லொறியை மடக்கவும் இக்கருவி உதவும். மலைவீதியில் அது சிறு உதவியன்று. ஆனால் இவை எல்லாம் பட்டியலோடு பொருந்தும் தகடுகள் பற்றியவை. பொருந்தாத பதிவுகளையும் வைத்திருந்தால் பிறகு எப்போதாவது பயன்படும் என்பதே எஞ்சும் வாதம், அதுவே ஆபத்தானது. 2021இல் சாமிமலைப் பக்கத்து ஓல்டன் தோட்டத்தில் சம்பளப் போராட்டத்தைத் தொடர்ந்து தொழிலாளர் பலர் கைது செய்யப்பட்டனர். அத்தகைய நாட்களில், கூட்டத்துக்கு எந்த முச்சக்கர வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்ற பதிவு ஒருவர் மேசையில் இருந்தால் அது எதற்குப் பயன்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்லதண்ணி வீதியை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்களின் வாகனங்களை அங்கே பதிந்தால், அது வழிபாட்டுப் பதிவேடாகிவிடும். 2022ஆம் ஆண்டுச் சட்டம் மத நம்பிக்கையைச் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தரவு என்கிறது. ஒரு மதத்தினரின் நடமாட்டம் பதிவாகும் இடத்தில் கெமரா வைத்ததற்கு முன்னுதாரணமும் உண்டு: பிரித்தானியாவின் பர்மிங்ஹாமில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளில் பயங்கரவாத எதிர்ப்பு நிதியில் 200க்கும் மேற்பட்ட கெமராக்களை நிறுவிவிட்டு, சாதாரணக் குற்றத் தடுப்புக்கு என்றே அதிகாரிகள் மக்களிடம் சொன்னார்கள். 2010இல் உண்மை வெளிவந்தது, பிறகு கெமராக்கள் அகற்றப்பட்டன. ஒவ்வொரு கெமராவின் இடத்தையும் நோக்கத்தையும் நிதியின் மூலத்தையும் முன்கூட்டியே பகிரங்கப்படுத்த வேண்டும் என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

தோட்டப்புறத்தில் தகடும் ஆளும் ஒன்றல்ல. ஒரு லயத்தில் ஒருவரிடம் முச்சக்கர வண்டி இருந்தால் பிரசவத்துக்கும் பாடசாலைக்கும் மரண வீட்டுக்கும் அதுவே போகிறது. ஓட்டுபவர் ஒருவர், பதிவு இன்னொருவர் பெயரில், உண்மையான உரித்து லீசிங் கம்பனியிடம். தவணை தவறிய வண்டியைப் பறிக்கக் காத்திருப்போருக்கு, ஒரு தகடு கடைசியாக எங்கே காணப்பட்டது என்ற தகவல் பணத்துக்குச் சமம். பொலிஸ் கணினியிலிருந்து அது கசிவதற்கான தூண்டுதல் இங்கே வேறெந்தத் தூண்டுதலையும் விடப் பெரியது. ஆகவே தனியாருக்குத் தரவு கொடுப்பதைக் குற்றமாக்க வேண்டும். ஒவ்வொரு தேடலும் தேடியவரின் இலக்கம், வழக்கு இலக்கம், காரணம் ஆகியவற்றுடன் அழிக்க முடியாதபடி பதிவாக வேண்டும். அந்தப் பதிவேட்டைத் தரவுப் பாதுகாப்பு அதிகார சபை ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

தேடப்படும் பட்டியலும் காவலுக்குட்பட வேண்டும். 2009இல் சான் பிரான்சிஸ்கோவில் கெமரா 3ஐ 7 என்று படித்ததால் ஒரு பெண் துப்பாக்கி முனையில் நிறுத்தப்பட்டார். 2020இல் கொலராடோவின் அரோராவில், வேறு மாநிலத்தில் திருட்டுப்போன மோட்டார் சைக்கிளின் இலக்கத்தோடு ஒத்துப்போனது என்பதால் ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் நிலத்தில் படுக்க வைக்கப்பட்டனர். இங்கே பல தலைமுறைத் தகடுகள் ஒரே வீதியில் ஓடுகின்றன. மூடுபனியும் மழையும் சேறும் சேர்ந்துகொள்கின்றன. கெமராவின் எச்சரிக்கை மட்டும் வண்டியை நிறுத்தக் காரணமாகக் கூடாது. அதிகாரி ஒருவர் தகட்டைத் தன் கண்ணால் பார்த்து, வாகன வகையையும் சரிபார்த்த பின்னரே கை காட்ட வேண்டும். மீட்கப்பட்ட வாகனத்தின் இலக்கத்தை அன்றே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். ஒருவரின் இலக்கத்தை ‘சந்தேகம்’ என்று மட்டும் குறித்துச் சேர்ப்பதானால் நீதவானின் கட்டளை தேவை.

இறுதியாக அறிவித்தல் பற்றி. லயன் வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து, யார் கையிலோ தங்கி, நாள் கடந்து கிடைக்கிறது, சில வேளை கிடைப்பதே இல்லை. கெமரா ஆதாரத்தில் எழும் எந்த அறிவித்தலும் தமிழிலும் எழுதப்பட்டு, உரியவர் கையொப்பமிட்டுப் பெற்ற நாளிலிருந்தே காலக்கெடு தொடங்க வேண்டும். படத்தைப் பார்க்க அவர் ஹட்டனுக்கோ கொழும்புக்கோ அலையாமல் மஸ்கெலியா பொலிஸ் நிலையத்திலேயே கட்டணமின்றிப் பார்க்க வழி வேண்டும். நாட்கூலியை இழந்துதான் ஆட்சேபிக்க முடியும் என்றால், அந்த ஆட்சேப உரிமையைச் சட்டம் வழங்கியதாகக் கருத முடியாது.