சட்டம் கிடைக்காத பிள்ளை

வாழைச்சேனைப் பக்கம் ஒரு ஊரில் கூத்துப் பழக்கம் தொடங்கினால், மத்தளக்காரருக்குப் பக்கத்தில் முதல் வந்து குந்துகிற ஒருவனை எங்களுக்குச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். "மூளை வளர்ச்சி காணாது" என்று ஊர் சொல்லும். ஆனால் ஒவ்வொரு வரவுக்குமான தாளக்கட்டை வாயாலேயே சொல்லுவான். ஆட்டக்காரர் பிழைவிட்டால் முதல் சிரிக்கிறதும் அவன்தான். ஒருநாள் அவனுடைய அம்மா சொன்னா: "எல்லாப் பாட்டும் தெரியும் மனே. ஆனா ஆரு இவனுக்குச் சட்டம் குடுக்கப்போறாங்க?"

கலைப்பீடத்தில் கூத்தின் வரலாறு படிக்கிற எங்களுக்கு அந்தக் கேள்வி இன்னும் விட்டுப்போகல்ல.

கூத்தில் சட்டம் கொடுத்தல் என்றால் பாத்திரத்தைப் பங்கிட்டு, அதற்குரிய பாட்டுக் கொப்பியைக் கையில் கொடுக்கிறது. ஆளின் குரலையும் உடம்பையும் பார்த்து அண்ணாவியார் தெரிவுசெய்வார். மறுகா மாதக்கணக்கில் பழக்கம், சதங்கை அணிதல், வெள்ளுடுப்பு, கடைசியில் அரங்கேற்றம். வாசிக்கத் தெரியாதவர்களும் காதால் கேட்டுக் கேட்டே ஆடிப் பழகின கலை இது. திரும்பத் திரும்பச் செய்துதான் பழக்கம். ஒருவர் பாட, பிற்பாட்டுக்காரர் சேர்ந்து தூக்கிக் கொடுப்பார்கள். மெதுவாகக் கற்கிற ஒருவருக்கு இதைவிட நல்ல வகுப்பறை எது? அப்படியிருந்தும் அவனுக்குச் சட்டம் இல்லை.

குறைபாடு எங்கட அரங்குக்குப் புதுசும் இல்லை. 'நொண்டி நாடகம்' என்று ஒரு வகையே தமிழில் இருக்கு. குதிரை திருடப்போய்க் கால் வெட்டுப்பட்ட கள்வன், கடவுள் அருளால் கால் திரும்பப் பெறுகிற கதை. திருச்செந்தூர் நொண்டி நாடகத்தில் முருகன் அருள். சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுபோனபோது, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றோடு ஒரு நொண்டி நாடகமும் மேடையேறியது. மாணவருக்கு ஆட்டம் பழக்கியவர் எங்கட வளாகம் இருக்கிற வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். ஆனால் அந்தக் கதையில் குறைபாடு ஒரு தண்டனை. முடிவில் அது மாறியே ஆகவேண்டும். குறைபாட்டோடேயே வாழ்கிற ஒருவர் வந்து தானே ஆடுகிற இடம் அதில் இல்லை.

அந்த இடம் வேறெங்கே உண்டானது என்று தேடினால், பாதை வியன்னாவில் தொடங்குகிறது. ஹில்டே ஹோல்கர் 1905இல் அங்கே பிறந்த யூத நடனக்காரி. நாஜிகளிடமிருந்து தப்பி 1939இல் பம்பாய்க்கு வந்தார். அவர் தப்பிப்போன அதே ஆட்சி, 1940, 41ஆம் ஆண்டுகளில் மட்டும் குறைபாடுள்ள 70,000 பேரளவில் "வாழத் தகுதியற்றவர்கள்" என்று சொல்லிக் கொன்றது. ஹில்டே பம்பாயில் நடனப் பள்ளி நடத்தி, 1948இல் லண்டன் போனார். அங்கே பிறந்த மகனுக்கு டவுன் சின்ட்ரோம். அவனுக்காகத் தொடங்கின தேடல்தான், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு நடனம் கற்பிக்கிற முறையாக வளர்ந்தது. 1968இல் சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற பெரிய அரங்கில் அவர்களை ஆடவைத்தார்.

அவருடைய மாணவர் வொல்ப்காங் ஸ்டாங்க, குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஆடுகிற 'அமிச்சி' நடனக் குழுவை 1980இல் லண்டனில் தொடங்கினார். அதே ஸ்டாங்கவோடு சேர்ந்துதான் சுனேத்ரா பண்டாரநாயக்க 2000ஆம் ஆண்டில் இலங்கையில் சுனேரா மன்றத்தை உருவாக்கினார். வியன்னா, பம்பாய், லண்டன், கொழும்பு: ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, அண்ணாவி மரபு மாதிரியே கைமாறின கலை.

ஸ்டாங்கவின் இலங்கை மேடையில் குறைபாடுள்ள இளையவர்களோடு யுத்தத்தில் காயப்பட்ட படைவீரர்களும் ஆடினார்கள். இதைப் படிக்கக்குள்ள லேசாகக் கடந்துபோக எங்களுக்கு ஏலாமல் இருந்தது. அதே யுத்தத்தில் எங்கட ஊர்களில் உடம்பும் மனசும் உடைஞ்சவங்களுக்கு எந்த மேடை இருந்தது?

ஒன்று இருந்தது. 1996இல் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் தொடங்கின வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. யுத்தம் பாதித்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வந்து களிமண் பிசைஞ்சாங்க, கீறினாங்க, கதை சொன்னாங்க. அது அறிவுசார் குறைபாட்டுக்கென்று உண்டானது அல்ல. ஆனால் கலைக்குள் வர ஒரு பிள்ளை முதலில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்கத் தேவையில்லை என்பதை இந்த மண்ணிலேயே அது செய்து காட்டியது.

சட்டப் புத்தகத்திலும் இது இருக்கு. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த ஐ.நா. சமவாயத்தின் 30ஆவது உறுப்புரை, குறைபாடுள்ளவர்களின் கலைத்திறன் அவர்களுடைய நன்மைக்கு மட்டுமல்ல, சமூகத்தின் வளத்துக்கும் என்கிறது. அவர்கள் இல்லாத கலையில் நட்டம் எங்களுக்கும்தான்.

2025 டிசம்பரில் பிரித்தானியாவின் டர்னர் பரிசு நெனா காலுவுக்குக் கிடைத்தது. கற்றல் குறைபாடு உள்ள ஒரு கலைஞர் அதை வென்றது அதுவே முதல்முறை. துணியும் நாடாவும் சுற்றிச் சுற்றி அவர் சிற்பம் செய்கிறவர். 1999 முதல் ஒரு அமைப்பு அவருக்கு இடமும், பொருளும், பக்கத்தில் நிற்க ஆட்களும் கொடுத்து வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல்! வருஷத்துக்கு ஒருக்கா டிசம்பர் 3ஆம் திகதி மேடையேற்றி, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து அனுப்புகிற எங்கட பழக்கத்தை இதுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ.

கூத்து மாறாது என்று சொல்லுறவங்களும் இருக்காங்க. பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடின கூத்தில் இன்று பெண்கள் ஆடுகிறார்கள். 2000களில் சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊர் மக்களோடு சேர்ந்து முன்னெடுத்த மீளுருவாக்கம், சாதியையும் பால்நிலையையும் களரிக்குள்ளேயே கேள்வி கேட்டது. அவ்வளவு மாறின களரிக்கு இன்னும் ஒரு ஆள் பாரமில்லை.

நாங்கள் கேட்கிறது இரக்கம் இல்லை. கோமாளி வேஷமும் மட்டும் போதாது. சிரிக்கிறதுக்கு ஊர் அவனை ஏற்கெனவே பாவிச்சாச்சு. பழக்கத்துக்கு ரெண்டு மாதம் கூடத் தேவை என்றால் ரெண்டு மாதம் முந்தித் தொடங்குவம். கொப்பி வாசிக்க ஏலாதென்றால் வாயால் சொல்லிக் கொடுப்பம். அண்ணாவிமார் காலங்காலமாகச் செய்ததுதானே.

அவன் இப்பவும் மத்தளத்துக்குப் பக்கத்தில்தான் குந்தியிருக்கிறான். அடுத்த கூத்துக்குச் சட்டம் கொடுக்கிற அன்றைக்கு, அவனுடைய பேரையும் அண்ணாவியாரிட்டச் சொல்ல நாங்கள் போவம். உங்கட ஊர்க் களரியில் யார் அப்படிக் குந்தியிருக்கிறார் என்று நீங்களும் ஒருக்காப் பாருங்கோ.