கெடு தப்பியவர்கள்: கிஸ்தியிலிருந்து வருமான வரி வரை

2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி என் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்தேன். கெடு ஜூலை 31. நான்கு நாள் பிந்திவிட்டது. பிழை திருத்துவது, மொழிபெயர்ப்பது என்று அந்த நிதியாண்டில் செலவு போக மூன்றேகால் லட்சம் நின்றது. கூலி தரும்போதே முப்பத்தைந்தாயிரம் வரைக்கும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் போட்ட ஆடிட்டர் சொன்னார்: "உங்களுக்கு வரி ஒண்ணுமில்ல சார், தள்ளுபடில போயிடுது. ஆனா லேட் ஃபீ ஆயிரம் ரூபா உண்டு." வரியே இல்லாதவன் எதற்குத் தாமதமானான் என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படி சரிதான். 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்துக்குள் 234எஃப் என்றொரு பிரிவை நுழைத்தது. ஐந்து லட்சத்துக்கு மேல் வருமானம் உள்ளவர் கெடு தப்பினால் ஐயாயிரம், அதற்குட்பட்டவருக்கு ஆயிரம். வரி பாக்கி இருக்கிறதா என்று அந்தப் பிரிவு பார்ப்பதில்லை, தேதியைத்தான் பார்க்கிறது. அரசு நம்மிடம் பணத்தை மட்டுமல்ல, காலத்தையும் கேட்கிறது. எப்போதிலிருந்து? எனக்கு இந்தக் கேள்வி விடவில்லை.

கிஸ்தி என்றதும் நம் ஆட்களுக்கு 1959 படமும் சிவாஜியின் வசனமும்தான் நினைவுக்கு வரும். உண்மைக் கட்டபொம்மனின் கதையும் பாக்கியில்தான் தொடங்குகிறது. கட்டவேண்டிய தொகை நிலுவையில் நின்றதால் 1798இல் கலெக்டர் ஜாக்சன் கூப்பிட்டனுப்பி அலைக்கழித்தார். ராமநாதபுரத்தில் கைகலப்பு, 1799 அக்டோபரில் கயத்தாறில் தூக்கு. பாளையக்காரரின் தாமதம் போராகி, வரலாறாகி, சினிமாவும் ஆயிற்று. பட்டாதாரனின் தாமதம் எங்கே பதிவாயிற்று?

வங்காளத்தில் 1793 நிரந்தரத் தீர்வுக்குப் பின் வந்த ஏற்பாட்டுக்கு 'சூரிய அஸ்தமனச் சட்டம்' என்றே பெயர். குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் பணம் வந்து சேராவிட்டால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். அங்கே போனது ஜமீன்தாரின் நிலம். சென்னை மாகாணத்தின் ரயத்துவாரிப் பகுதிகளில் நடுவே ஜமீன்தார் இல்லை. குடியானவன் நேரே சர்க்காருக்குக் கடமைப்பட்டவன். கெடு அவன் மேனியிலேயே வந்து விழுந்தது. இதை உருவகமாகச் சொல்லவில்லை. 1855இல் சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட சித்திரவதை விசாரணை ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. கிஸ்தி பிந்தியவனுக்கு என்னென்ன செய்தார்கள் என்பது அதில் இருக்கிறது. கிட்டி: இரண்டு கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெருக்குவது. அண்ணாந்தாள்: உடம்பை வளைத்துக் கயிற்றால் கட்டிப் போடுவது. உச்சி வெயிலில் நிறுத்தி வைப்பது. இவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் தாசில் கச்சேரியின் கீழ்மட்டச் சேவகர்கள், நம்மூர் ஆட்கள். வெள்ளை அதிகாரிகள் இதற்கு உடந்தை அல்ல என்று ஆணையம் முடித்துவிட்டது. 1857 செப்டம்பரில் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் இந்த அறிக்கையை எடுத்து வைத்து எழுதிய மார்க்ஸ், அந்த முடிவை அப்படியே விழுங்கவில்லை.

தவணைத் தேதிகள் எப்படி விழுந்தன என்பதையும் பார்க்க வேண்டும். கதிர் களத்துக்கு வருமுன்பே, வந்தாலும் விலை படியுமுன்பே தவணை வந்துவிடும். அறுவடையான கையோடு எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க ஓடினால் விலை என்ன ஆகும்? இல்லையென்றால் லேவாதேவிக்காரர் வீட்டுத் திண்ணை. மழை பிந்தலாம், ஆற்றில் தண்ணீர் பிந்தலாம், குடியானவன் பிந்தக் கூடாது. பயிரின் காலத்துக்கும் கஜானாவின் காலத்துக்கும் நடுவிலிருந்த அந்த ஒன்றிரண்டு மாத இடைவெளிக்குள்தான் கிட்டி வந்து உட்கார்ந்தது.

1857 கிளர்ச்சியை அடக்கிய செலவு கம்பெனியிடமிருந்து ராணியின் ஆட்சிக்குக் கடனாக வந்து சேர்ந்தது. அதை ஈடுகட்ட 1860இல் ஜேம்ஸ் வில்சன் இங்கே வருமான வரியைக் கொண்டுவந்தார். 200 ரூபாயிலிருந்து 500 வரை ஆண்டு வருமானத்துக்கு 2 சதம், அதற்கு மேல் 4. இங்கிலாந்து மாதிரியில் வருமானத்தைத் தானே எழுதித்தரும் படிவமும் கூட வந்தது. இதைக் கடுமையாக எதிர்த்தவர் சென்னை கவர்னர் ட்ரெவல்யன். எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளுக்கே கொடுத்துவிட்டார்; பதவி போயிற்று. (அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கருவூலத்தில் இருந்து கையை இறுக்கிய அதே மனிதர்தான், ஆகவே அவரை நம்ம தோழர் ஆக்கிவிட வேண்டாம்.) வில்சன் அந்த ஆகஸ்டிலேயே கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பால் இறந்தார். ட்ரெவல்யன் 1863இல் நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அவர் காலத்திலேயே, 1865இல், அந்த வரி காலாவதியானது.

இடையில் 1864இல் சென்னை வருவாய் வசூல் சட்டம் வந்தது. கிட்டிக்குப் பதிலாக ஜப்தி, ஏலம். இங்கே நண்பர்கள் ஃபூக்கோவைக் கையிலெடுப்பார்கள்: தண்டனை உடலிலிருந்து கழன்று ஒழுங்குக்குள், பதிவேட்டுக்குள் போகிறது என்று. 1975இல் வந்த அவர் நூல் சொல்லும் கதை பிரான்சுக்குப் பொருந்தலாம். நம் 1864 சட்டத்தின் 48ஆம் பிரிவைப் படித்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. சொத்தை விற்றும் பாக்கி தீராமல், வேண்டுமென்றே கட்டாமலிருக்கிறான் என்று கலெக்டர் கருதினால் ஆளைப் பிடித்துச் சிறையில் வைக்கலாம். உடல் எங்கேயும் போகவில்லை. கடைசி ஜாமீனாகச் சட்டத்துக்குள்ளேயே இருந்தது.

1922ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், படிவத்தைக் கெடுவுக்குள் தராதவருக்கு நாளொன்றுக்குப் பத்து ரூபாய் வரை அபராதம் விதிக்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் தந்தது. முக்கியமானது அதுவல்ல. வருமான வரி பாக்கியை நிலவரி பாக்கி போலவே கலெக்டர் வசூலிக்கலாம் என்று 46ஆம் பிரிவு சொன்னது. அந்த ஒரு வாக்கியத்தின் வழியாகக் குடியானவனுக்காகச் செய்த கருவி நகரத்து வருமானத்துக்கும் வந்து சேர்ந்தது. 1954இல், அப்போது சென்னை மாநிலத்திலிருந்த மலபாரில், வருமான வரி பாக்கிக்காக ஒருவரை 48ஆம் பிரிவின்படி கைது செய்தார்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புக்கு இது முரண் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 1957இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. இந்தக் கைது குற்றத்துக்கான தண்டனை அல்ல, வசூலுக்கான ஒரு வழிமுறை என்பது அதன் வாதம். கிட்டி பிடித்த சேவகனைக் கேட்டிருந்தால் அவனும் ஏறக்குறைய இதைத்தானே சொல்லியிருப்பான்?

நெருக்கடி நிலை ஆண்டான 1975இல் சேர்த்த 276சிசி பிரிவு இன்னும் ஒரு படி போயிற்று. வேண்டுமென்றே கெடு தப்பினால் குறைந்தது மூன்று மாதம் கடுங்காவல், ஏய்க்கப் பார்த்த தொகை பெரிது என்றால் ஏழாண்டு வரை. 1993-94 மதிப்பீட்டு ஆண்டுக்கான கணக்கைத் தாக்கல் செய்யாததற்காக ஜெயலலிதா, சசிகலா மீது இந்தப் பிரிவில்தான் வழக்கு. உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரியில் விசாரணையை நடத்தியே ஆகவேண்டும் என்றது. பிறகு சமரசக் கட்டணம் செலுத்தப்பட்டு 2015 தொடக்கத்தில் வழக்கு முடிந்தது. சட்டம் அதற்கும் இடம் தருகிறது, முறைகேடு என்று சொல்ல வரவில்லை. இருபதாண்டுத் தாமதத்தைப் பணமாக மாற்றிக்கொள்ள யாருக்கு முடிகிறது என்று மட்டும் பார்க்கிறேன். மலபார்க்காரருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

எனக்கு வரவேண்டிய பணம் ஆயிரம் கழித்து நவம்பர் கடைசியில் வந்தது. கணக்குத் தந்த நாளிலிருந்து நான்கு மாதத்துக்கு வட்டி அறுநூற்றுச் சொச்சம். விகிதத்தை எடுத்துப் பார்த்தேன். 1961 சட்டப்படி வரி பாக்கியோடு நாம் பிந்தினால் மாதத்துக்கு 1 சதம், அரசு திருப்பித் தரப் பிந்தினால் மாதத்துக்கு அரை சதம். ஆடிட்டரிடம் சொன்னேன். சிரித்தார். "அது வேற சார், இது வேற."