உடைந்த ஆக்ஸா பிளேடின் அடுத்த பிறவி

இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடு உடைந்தால் பட்டறையில் அது குப்பை. மாதிரி விமானமும் பட்டமும் செய்கிறவர்களுக்கோ அப்போதுதான் அது கைக்கு வருகிறது. ஜொகூரின் பாசிர் கூடாங்கில் 1995 முதல் உலகப் பட்டத் திருவிழா நடக்கிறது. பட்டத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. அங்கே பறக்கும் வாவ் பட்டத்துக்கு மூங்கில் சீவ, உடைந்த பிளேடைத் தானே தேய்த்துச் செய்த கத்திக்கு ஈடான ஒன்றை நான் எந்தக் கடையிலும் பார்த்ததில்லை.

அந்தப் பிளேடின் எஃகுக்கு வம்சம் நீளமானது. கொங்கு நாட்டில் நொய்யல் கரைக் கொடுமணலில் உலைகளும் மூசைத் துண்டுகளும் அகழாய்வில் கிடைத்தன. அப்படி மூசையில் உருக்கிய இந்திய எஃகு கடல் கடந்து, 1819 வாக்கில் லண்டனில் மைக்கேல் ஃபாரடேயின் மேசைக்குப் போனது. அதன் ரகசியத்தைத் தேடியவர் எஃகில் பிளாட்டினம், வெள்ளி என்று ஒவ்வொன்றாகக் கலந்து பார்த்தார். கலப்பு எஃகு ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது. 1868இல் ராபர்ட் மஷெட் டங்ஸ்டன் கலந்தார். டெய்லரும் வைட்டும் சூடேற்றும் முறையை மாற்றினார்கள். 1900 பாரிஸ் கண்காட்சியில், முனை சிவந்த பிறகும் அவர்களுடைய உளி இரும்பைச் சீவிக்கொண்டே இருந்தது. அந்த ஹைஸ்பீடு எஃகுதான் நல்ல பிளேடில் இருப்பது.

எல்லாப் பிளேடும் கத்தியாகாது. வளைத்தால் வளைந்து நிமிர்கிறதா, வேண்டாம். அதில் பல் மட்டுமே கடினம். வளையாமல் படக்கென்று முறிகிறதே, அதுதான் வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணியில் சுற்றி முறியுங்கள், சில்லு தெறிக்கும்.

கிரைண்டரில் முதலில் பல்லை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் மட்டும் சாய்வு பிடிக்க வேண்டும். சாதாரண எஃகு தேய்க்கும்போது நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பிறகு கூர் நிற்காது. இது அப்படியல்ல; 500 டிகிரிச் சூட்டிலும் இறுக்கம் விடாது. அந்தத் தைரியத்தில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரில் முக்கிவிடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். தானே ஆறட்டும்.

கைப்பிடிக்கு ரப்பர் மரம் போடுங்கள். மூவார் மேசை நாற்காலிகளுக்குப் பேர்போன ஊர்; அங்கே பலகையாவது பெரும்பாலும் ரப்பர் மரம்தான். இருபத்தைந்து, முப்பது ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்தபின் வெட்டப்படும் மரம். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, போன நம் தாத்தா பாட்டிகள் கோடு கீறியதும் இந்த மரத்தில்தான். கொங்கு நாட்டு உலைக்காரனின் வித்தையும் தோட்டப்புறத்துப் பால்வெட்டுக்காரியின் உழைப்பும் இந்தச் சின்னக் கத்தியில் சேர்வது எனக்குப் பெரிய விஷயம். இரண்டு சில்லு மரத்துக்கு நடுவே பிளேடை வைத்து, எப்பாக்சி பசை தடவி, நூலை இறுக்கிச் சுற்றினால் போதும்.

வாவின் சிறகுக் குச்சியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் ஒரு பக்கமும் சாயக் கூடாது. சாயும் பக்கத்தை மயிரிழை மயிரிழையாகச் சீவுவார்கள். மூங்கில் தோலில் மணற்சத்து உண்டு, அது கூரைத் தின்னும். சாணைக்கல்லில் தீட்டத் தீட்ட அலகு ஒடுங்கும். சீவ முடியாத அளவுக்கு ஒடுங்கியபின் முனையை ஊசியாக்கி, அலுமினியத் தகட்டில் கோடு கிழிக்க வைத்துக்கொள்ளலாம்.