அல்-முஹாஜிரூன்

பிரிட்டனில் தடைசெய்யப்பட்ட மதத் தீவிரவாத அமைப்பு. பெயருக்கு அரபு மொழியில் ‘புலம்பெயர்ந்தோர்’ என்று பொருள். சிரியாவின் அலெப்போவில் பிறந்த ஒமர் பக்ரி முகமது, சவுதி அரேபியாவிலிருந்து வெளியேற்றப்பட்டு 1986இல் பிரிட்டன் வந்தார். ஹிஸ்புத் தஹ்ரீர் என்ற இஸ்லாமியவாத அமைப்பின் பிரிட்டன் கிளையை நடத்திவந்த அவர், 1996இல் அதிலிருந்து பிரிந்து லண்டனில் இவ்வமைப்பை வளர்த்தார். சட்டம் படித்த அஞ்செம் சௌத்ரி அவருக்கு வலக்கையாக இருந்தார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை நடத்திய 19 பேரையும் சுவரொட்டி அச்சிட்டுப் புகழ்ந்தபோதுதான் நாடே இவர்களைத் திரும்பிப் பார்த்தது.

2004இல் அமைப்பு தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஆட்கள் கலையவில்லை. 2005 ஜூலை லண்டன் குண்டுவெடிப்புகளுக்குப் பின் லெபனான் சென்ற பக்ரி பிரிட்டனுக்குத் திரும்பத் தடை விதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு, பயங்கரவாதத்தைப் புகழ்வதையே தடைக்குக் காரணமாக ஏற்கும் புதிய சட்டப்படி, இதன் கிளைகளான அல்-குரபா, சேவ்டு செக்ட் இரண்டும் தடைசெய்யப்பட்டன. ஆட்களோ ‘இஸ்லாம்4யுகே’ என்று பலகையை மாற்றிக்கொண்டார்கள்.

வில்ட்ஷயரில் வூட்டன் பாசெட் என்றொரு சிற்றூர். 2011 வரை, ஆப்கானிஸ்தானில் இறந்த படைவீரர்களின் உடல்கள் அருகிலுள்ள லைனம் விமானத்தளத்தில் இறங்கி, இவ்வூர்க் கடைத்தெரு வழியே சென்றன. தேவாலய மணி ஒலிக்க, கடைக்காரர்களும் முதியவர்களும் வேலையைப் போட்டுவிட்டுத் தெருவோரம் தலைகுனிந்து நின்றார்கள். அதே தெருவில் வெற்றுச் சவப்பெட்டிகளுடன் ஊர்வலம் போவோம் என்று 2010 ஜனவரியில் சௌத்ரி அறிவித்தார். பிரிட்டன் முஸ்லிம் அமைப்புகளே முன்வந்து கண்டித்தன. இந்தக் கூட்டம் தங்கள் பெயரில் பேசுவதால் அன்றாடம் அவதிப்பட்டவர்கள் அவர்கள்தாம். ஊர்வலம் கைவிடப்பட்டது. ஆயினும் ஜனவரி 14 முதல் ‘இஸ்லாம்4யுகே’, அல்-முஹாஜிரூன் இரண்டு பெயர்களும் தடைப்பட்டியலில் ஏறின.

அதன் பிறகும் பெயர் மாற்றம் ஓயவில்லை. போர்வீரர் நினைவு நாளில் செந்நிறப் பாப்பி மலர்களை எரித்த ‘முஸ்லிம்ஸ் அகெய்ன்ஸ்ட் குரூசேட்ஸ்’ 2011இல் தடைசெய்யப்பட்டது. பெயருக்கு விதித்த தடை, பேச்சைக் கேட்டு மனம் மாறிய இளைஞர்களை எட்டவில்லை என்பதே இவ்வமைப்பின் வரலாற்றில் வருத்தத்துக்குரிய உண்மை. 2017இல் லண்டன் பாலத்தில் எட்டுப் பேரைக் கொன்ற மூவரில் ஒருவர் இந்த வட்டத்தில் பழகியவர்.

ஐ.எஸ். அமைப்புக்கு ஆதரவு திரட்டியதற்காக 2016இல் சௌத்ரிக்கு ஐந்தரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2018இல் வெளியே வந்தவர், இணையவழி உரைகளால் தடைசெய்யப்பட்ட அமைப்பை மீண்டும் வழிநடத்தினார் என்பது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. 2024 ஜூலையில் ஆயுள் தண்டனை பெற்றார். குறைந்தது 28 ஆண்டுகள் சிறையில் இருந்தாக வேண்டும். தீர்ப்பின்போது அவருக்கு வயது 57.