செல்லக்காசும் தரங்கம்பாடிப் பாதிரியாரும்

புனே வந்து பதினாறு வருஷம் ஆச்சு. மூணு வருஷத்துக்கு முன்னால் பொண்ணு அடம்பிடிச்சதில் வீட்டுக்குள் ஒரு ரெண்டடி மீன்தொட்டி வந்தது. சின்ன சிக்லிட் ஜோடி வேணும்னு கடையில் கேட்டேன். (மனசில் இருந்தது தென் அமெரிக்க ராம்.) கடைக்காரர் தீப்பெட்டி நீளத்தில் ரெண்டு மஞ்சள் மீனைக் காட்டி, "ஆரஞ்சு குரோமைட், இம்போர்டட் மால் சாஹேப்" என்றார். விலையும் இம்போர்டட்தான்!

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தொட்டியை ஒரு பார்வை பார்த்தாங்க. "ஏன்டா, இது நம்ம கழியில வலையில சிக்குற பொடி மீனாச்சே. இதுக்கா ஐந்நூறு ரூபா?"

அம்மா சொன்னது நிஜம். தென்னிந்தியா, இலங்கைக் கழிமுகங்களின் மீன் இது. புத்தகங்களில் இதற்குத் தமிழ்ப் பெயர் செல்லக்காசு. 1795-ல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் பெர்லின் டாக்டர் மார்க்கஸ் ப்ளோக். 1790-லேயே நம்ம கரிமீனுக்கு சூரத் ஊரின் பெயரைச் சூட்டியவரும் இவர்தான். மனுஷர் இந்தியா பக்கமே வந்ததில்லை. சாராயத்தில் ஊறியும் தோலாய்க் காய்ந்தும் மீன்கள் அவரைத் தேடிப் போயின. அப்படி நிறைய அனுப்பியவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான், 1771 முதல் 1813-ல் இறக்கும்வரை டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடியில் இருந்த பாதிரியார். நன்றிக்கு ப்ளோக் 1793-ல் கத்தாளை மீன்களில் ஒரு பேரினத்துக்கு ஜானியஸ் என்று பெயர் வைத்தார். வலை போட்ட நம்மாளு பெயரில் ஒரு மீனையும் நான் பார்க்கலை.

இந்தியாவுக்கென்று சொந்த சிக்லிட் மூணே மூணுதான். செல்லக்காசு, கரிமீன், தென் கன்னடத்து ஆறுகளில் ஒண்ணு. நெருங்கிய சொந்தக்காரங்க எல்லாம் மடகாஸ்கரில். (எங்கும் மலிந்து கிடக்கும் திலாபியாவும் சிக்லிட்தான், ஆனால் 1952-ல் கொண்டுவந்தது.)

ஜோடி முட்டையிட்டது. குஞ்சுகள் நீந்த ஆரம்பிச்சதும் அப்பா அம்மா உடம்பைப் போய்ப் போய்க் கொத்தின. சீக்கு, அதான் பிய்க்குதுன்னு நினைச்சு பெரிய மீன்களைத் தனி வாளிக்கு மாத்தினேன். "ஒட்டிக்கிட்டு இருக்குதுங்க, விடேன்டா"ன்னு அம்மா சொன்னாங்க. கேட்கலை. பொடித்துப் போட்ட தீனி அதுங்க வாய்க்குப் பெரிசு. நாலாம் நாள் ஒண்ணுகூட இல்லை. பொண்ணு ரெண்டு நாள் என்னோட பேசலை.

அப்புறம்தான் தேடிப் படிச்சேன். பெற்றோர் உடம்பில் ஊறும் கோழையைத்தான் குஞ்சுகள் தின்னும். வார்டு, பார்லோ என்ற ரெண்டு பேர் 1967-லேயே இதை விலாவாரியா எழுதி வச்சிருக்காங்க. முப்பது வருஷம் சாஃப்ட்வேர் படிச்சவனுக்கு அது தெரியலை, அம்மாவுக்குப் பார்த்ததும் தெரிஞ்சிருக்கு.

அடுத்த ஈட்டுக்கு அம்மா ஊர் திரும்பியாச்சு. வாளியைப் பொண்ணு முன்கூட்டியே பால்கனியில் ஒளிச்சு வச்சுட்டா. இப்போ தினம் ராத்திரி பாட்டிக்கு ஃபோன்: "இன்னிக்கு நாப்பத்தி ரெண்டு எண்ணினேன் பாட்டி, மீதி அதுங்க அம்மா பின்னாடி இருக்கு."