காவிரிப் படுகையில் தாவர, நிலக்காட்சி ஒளிப்படம்

காவிரிப் படுகையின் செடிகொடிகளையும் காளான்களையும் ஆற்றங்கரைகளையும் அலையாத்திக் காடுகளையும் படமெடுக்கும் கலை. பேச்சு வழக்கில் புகைப்படம் என்பார்கள். ஒளியால் உண்டாவது என்பதால் ஒளிப்படம் என்ற சொல்லே இங்கு ஆளப்படுகிறது. இப்படுகையில் செடியைத் தாளில் பதிக்கும் வேலை ஒளிப்படக் கருவி வருவதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கருவி வந்தபோதோ அது கோபுரத்தைப் பார்த்தது, பக்கத்தில் நின்ற மரத்தைப் பார்க்கவில்லை. இலை படத்தின் நடுவுக்கு வந்து சேர இன்னொரு நூற்றாண்டு பிடித்தது.

கருவிக்கு முன்

திருக்கடையூருக்குத் தென்கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் கடலோரம் இருக்கிறது தரங்கம்பாடி. 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1768இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்த யோஹான் ஜெரார்ட் கோனிக், லின்னேயஸிடம் பயின்றவர். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை வகுத்த ஆசிரியரின் மாணவர், அந்த முறையைக் கையோடு கொண்டுவந்து இந்தக் களிமண் வயல்களிலும் மணல்மேடுகளிலும் செடி சேகரித்தார். தஞ்சாவூர்ப் பகுதிக் கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. புற்றுக்குள் கறையான்கள் பூஞ்சை வளர்ப்பதை முதலில் கண்டு எழுதியவர்களில் அவர் ஒருவர். மழை விட்டதும் புற்றின் மேல் குடை விரிக்கும் புற்றுக்காளான், உள்ளே இருக்கும் அந்தத் தோட்டத்திலிருந்துதான் எழுகிறது. நம் மண்ணின் காளானைப் பற்றிய அறிவியல் எழுத்து இவ்வளவு பழையது என்பது இன்னும் பரவலாக அறியப்பட வேண்டிய செய்தி.

1776இல் வந்த யோஹான் பீட்டர் ராட்லர் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பிய பயணத்தில் (1799–1800) வழியெங்கும் கண்ட செடிகளைக் குறித்துவைத்தார். அந்தக் குறிப்புகள் 1803இல் பெர்லினில் அச்சாயின. பயணமும் தாவரமும் சேர்ந்த பதிவுக்கு இப்பகுதியில் இதை முன்னோடியாகக் கொள்ளலாம். அவர் அழுத்தி உலர்த்திய செடிகள் லண்டன் கியூ தோட்டத்தில் இன்றும் இருக்கின்றன. தமிழ் அகராதி தொகுத்த ராட்லரும் இவரே.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) செடி, பறவை, விலங்கு ஓவியங்களை அரண்மனை ஓவியர்களைக் கொண்டு வரையவைத்தார். அவற்றுள் தஞ்சை அரசவையில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடென்ட்) இருந்த பெஞ்சமின் டோரினுக்கு அவர் அளித்த தொகுப்பு பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. நாகப்பட்டினத்தில் 1828 முதல் படை மருத்துவராக இருந்த ராபர்ட் வைட்டுக்காக ரங்கையா என்ற ஓவியரும், அவருக்குப்பின் கோவிந்து என்பவரும் வரைந்தார்கள். வைட் 1838 முதல் 1853 வரை வெளியிட்ட பெருநூலில் 2101 படத்தகடுகள். பூவை அறுத்துச் சூலகத்தையும் மகரந்தத்தாளையும் தனித்தனியே காட்டிய அந்தக் கைகளின் துல்லியத்தை, பின்னால் வந்த எந்தக் கருவியும் எளிதில் எட்டவில்லை. அந்த ஓவியர்களின் பெயர்களேனும் பிழைத்திருக்கின்றன. சரபோஜியின் ஓவியர்களுக்கு அதுகூட வாய்க்கவில்லை.

ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் இடையில் ஒரு முயற்சியும் உண்டு. 1857இல் சென்னையில் ஹென்றி ஸ்மித், செடியையே மை தடவி ஒற்றி எடுத்த அச்சுகளை ஒரு தொகுப்பாக வெளியிட்டார்.

தஞ்சைக்கு வந்த கருவி

1856இல் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டார் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப். தாவர அறிஞரின் பெயரைத் தாங்கிய இவரின் வேலையோ கற்கோயில்களைப் பதிவு செய்வது. 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து கிளம்பித் திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றினார். தஞ்சாவூர், திருவையாறு படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்தில் ஒரே தொடராக்கியது அவருடைய பெருஞ்சாதனை.

அவர் கையாண்டது மெழுகு பூசிய காகித எதிர்ப்படம் (நெகட்டிவ்). நீளம் 15 அங்குலம், அகலம் 12 அங்குலம். ஒளி படிய நிமிடக்கணக்கில் ஆகும். கல் அசையாது, காத்திருக்கும். தென்னை ஓலையும் அரசிலையும் காத்திருக்குமா? காவிரிக்கரைக் காற்றில் இலைகள் கலங்கிக் குழம்பாகிவிடும். போதாக்குறைக்கு அக்கால ரசாயனக் கலவைகள் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. வானம் வெளுத்துப் போகும், மரம் கரிய நிழலாக நிற்கும். டிரைப் இதற்கு ஒரு வழி கண்டார். எதிர்ப்படத்தின் மேல் நிறமி தீட்டி, வானத்தில் மேகத்தையும் மரத்தில் இலையையும் கையால் வரைந்து சேர்த்தார். ஆகவே அவர் படங்களில் கல் ஒளியால் பதிந்தது. இலைகளில் ஒரு பகுதி தூரிகையால் வந்தது. இதைக் குறையாகச் சொல்வதற்கில்லை. ரங்கையாவின் வேலை கருவிக்குள்ளும் தொடர்ந்தது என்றே கொள்ள வேண்டும்.

சென்னைத் தொழிற்கலைப் பள்ளி மாணவரான ஐயாசாமி டிரைப்புக்கு உதவியாளராக இருந்தார். 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி இந்தப் பணியை முடித்துவைத்தார்.

அதன்பின் எட்மண்ட் லயன் (1867–68), சாமுவேல் போர்ன் (1869) ஆகியோர் கண்ணாடித் தகடுகளோடு தென்னகம் வந்தார்கள். அவர்களுக்கும் மரம் கோபுரத்துக்கு ஓரம் கட்டும் சட்டகம்தான். பச்சையை உணரும் தகட்டுக்கு ஜெர்மானியர் ஹெர்மன் வோகல் 1873இல் வழி கண்டார்; எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. வயலும் தோப்பும் தங்கள் ஒளி வேறுபாடுகளோடு படத்தில் ஏறியது இவற்றுக்குப் பிறகே.

இருபதாம் நூற்றாண்டு

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பல்லாயிரம் கருப்பு வெள்ளைப் படங்களில் பதிந்துவைத்தது. உலர்தாவரத் தொகுப்பும் அதே நிறுவனத்தில் வளர்ந்தது. சிற்பத்துக்கு ஒளிப்படம், செடிக்கு உலர்மாதிரி என்ற பழைய பங்கீடு ஒரே கூரைக்குள்ளும் நீடித்தது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 1967இல் ராபினாட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய பாதிரியார் கே. எம். மாத்யூ (1930–2004), தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய தம் பெருந்தொகுதிக்குக் கோட்டோவியத்தையே நம்பினார். அடையாளம் காட்டும் உறுப்பை மட்டும் பிரித்துக் காட்ட ஓவியத்தால் முடியும்; ஒளிப்படம் கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிவரும்.

தமிழகத்தின் இயற்கை ஒளிப்படத்துக்குத் தனி முகம் தந்தவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், சென்னை மாநிலக் கல்லூரியில் பி. எஃப். ஃபைசனிடம் தாவரவியல் பயின்றவர். வண்ணத்தை ஒதுக்கிக் கருப்பு வெள்ளையிலேயே நின்றார். உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்துக்கொண்ட கருவியால் எடுத்தார். யானையை எடுத்தாலும் அது நிற்கும் புதர் எந்தப் புதர் என்பது அவருக்குத் தெரியும். தஞ்சாவூரில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) காட்டுயிர்ப் படங்களால் உலக அரங்கில் மதிக்கப்பட்டவர். படுகைக்குள்ளேயே ஒளிப்படக்காரர்களை ஈர்த்த இடங்கள் 1967இல் சரணாலயமான கோடியக்கரை, முத்துப்பேட்டை, வடக்கே பிச்சாவரம். கோடியக்கரையின் உலர் பசுமைக்காட்டை 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் முறித்துப்போட்டது. முன்னர் எடுத்த படங்களுக்கு அன்றிலிருந்து வேறு மதிப்பு.

திருக்கடையூர்

அபிராமி உடனுறை அமிர்தகடேசுவரர் கோயிலில் மணிவிழா, பீமரத சாந்தி, சதாபிஷேகம் என நாள்தோறும் தம்பதிகள் மாலையும் கழுத்துமாகப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே கோயிலின் தலமரங்கள் வில்வமும் பிஞ்சிலமும். பிஞ்சிலம் ஜாதிமல்லி வகையைச் சேர்ந்த கொடி. மார்க்கண்டேயர் கங்கை நீரைக் கொணர்ந்தபோது உடன் வந்தது என்பது தலபுராணம். மல்லிகை இனங்களைப் பிரித்தறியச் சிற்றிலைகளின் எண்ணிக்கை, புல்லிவட்டப் பற்களின் நீளம், மொட்டின் அடிநிறம் ஆகியவை வேண்டும். பூவை மட்டும் அழகாக எடுத்த படத்தால் இனம் சொல்ல முடியாது. கொடி முழுவதும், இலையின் முன்னும் பின்னும், மொட்டின் பக்கவாட்டுத் தோற்றம் என நான்கைந்து படங்கள் சேர்ந்தால்தான் அது ஆவணம்.

வெளியே வயல்களில் ஒளிக்கென்றே ஒரு பருவ வரிசை உண்டு. ஆடியில் நாற்றங்காலின் இளம்பச்சையும் ஓயாத காற்றும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிழலே விழாத சாம்பல் வெளிச்சம். இலை நரம்பும் பாசியும் காளானும் எடுக்க இதைவிட நல்ல ஒளி இல்லை. மார்கழி விடியலில் பனி சம்பாப் பயிரின் மேல் தாழப் படிந்து, பனைகளை ஒன்றன்பின் ஒன்றாக மங்கலாக்கும். தையில் கதிர் முற்றிய வயலுக்குக் காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். தரங்கம்பாடிக் கரையில் அடம்பங்கொடியின் பூ வெயில் ஏறியதும் வாடத் தொடங்கிவிடும்.

இடி இடித்தால் காளான் பூக்கும் என்பது ஊர் வழக்கு. நனைந்த வைக்கோல்போரின் அடியிலும் வரப்போரப் புற்றிலும் விடியலில் மொட்டாக இருக்கும், முற்பகலில் விரியும், மாலைக்குள் கறுத்துச் சரியும். தரையோடு படுத்து, குடையின் அடிமடல்களும் தண்டின் வளையமும் தெரிய எடுக்க வேண்டும். பறித்துக் குழம்பு வைப்பவர்களும் அதே நேரத்தில்தான் கூடையோடு வருவார்கள் என்பதால், எடுப்பவர் அவர்களுக்கு முன்னால் எழுந்திருக்க வேண்டும்.